முந்நூற்று நாற்பது கிராம்

மணி மதியம் இரண்டு பத்து.

என்ன சிரிப்பு? பேய்க் கதை என்றால் மணி நள்ளிரவு பன்னிரண்டுதான் அடிக்க வேண்டுமா... அதெல்லாம் வேலை வெட்டி இல்லாத பேய்கள். நான் சொல்லப்போவது அலுவலக நேரத்தில் வந்தது. கதவோரம் இருப்பவர் அதைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் உள்ளே நகர்ந்து உட்காருங்கள். விளக்கை அணைக்க வேண்டாம். உங்களுக்காக இல்லை, எனக்காகத்தான்.

ஊரைத் தாண்டிப் பதினோரு கிலோமீட்டர், ஒரே நேர்ச்சாலை. இரண்டு பக்கமும் கம்பி வேலி. வேலிக்கு அப்பால் பொட்டல். கடை கிடையாது, வீடு கிடையாது, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. சாலை முடிகிற இடத்தில் ஜன்னலே இல்லாத நீளமான கட்டடம். அதன் பின்னால் மூன்று மாடி உயரத்துக்கு எட்டு இரும்புத் தொட்டிகள். இரவெல்லாம் அந்தத் தொட்டிகளில் காற்றைத் திணித்து அடைப்பார்கள். மதியம் திறந்துவிடுவார்கள். இருபத்தைந்து நொடி... அவ்வளவுதான். அந்த இருபத்தைந்து நொடிச் சத்தத்துக்குப் பயந்துதான் ஊரை விட்டு அத்தனை தூரம் தள்ளிக் கட்டினார்கள். காற்றுச் சுரங்கம் என்பார்கள்.

நடந்தது என் நண்பனின் அத்தைக்கு. அவன் அப்பாவோடு கூடப் பிறந்தவர். அத்தைக்கு அங்கே இருபத்திரண்டு வருட வேலை.

என்ன வேலை என்று புரிந்தால்தான் கதை புரியும், கொஞ்சம் பொறுங்கள். ஒரு புது விமானம் செய்துகொண்டிருந்தார்கள். ஒன்று இல்லை, இரண்டு. பெரியது கீழே, அதன் முதுகில் சின்னது. பெரியது சின்னதைச் சுமந்துகொண்டு வானத்தின் உச்சிக்குப் போகும். சத்தத்தின் வேகத்தைப் போல ஐந்து மடங்கு வேகம் வந்ததும் சின்னதை விட்டுவிடும். பெரியது திரும்பி வந்து இறங்கும். சின்னது இன்னும் மேலே போய், அதுவும் திரும்பி வந்து இறங்கும். கழுவித் துடைத்து மறுபடி கிளப்பலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விடுகிற நேரம் இருக்கிறதே... அங்கேதான் உயிர் போகிற விஷயம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காற்று சுவருக்குச் சுவர் அடிபடும் பந்து போல முட்டி மோதும். சின்னதன் மூக்கைத் தூக்கிவிட்டால் அது குட்டிக்கரணம் போட்டுச் சிதறும். மூக்கை அமுக்கிவிட்டால் பெரியதன் முதுகிலேயே குத்தும். எல்லாம் கண் சிமிட்டும் நேரம்.

அதனால் முதலில் பொம்மை செய்து பார்ப்பார்கள். முழங்கை நீளத்துக்கு இரண்டு இரும்பு மாடல். கீழே இருப்பது அசையாது. மேலே இருப்பதைப் பின்னாலிருந்து ஒரு எந்திரக் கை தாங்கும். அந்த மாடலின் வயிற்றுக்குள் விரல் பருமனில் ஒரு தராசு. காற்று அதை எந்தப் பக்கம், எத்தனை கிராம் தள்ளுகிறது என்று அது சொல்லும். அதைக் கேட்டு எந்திரக் கை மாடலை நகர்த்தும். நிஜ விமானம் எப்படிப் பிரியும் என்று அப்படித்தான் தெரிந்துகொள்வார்கள்.

அந்தத் தராசுதான் அத்தையின் பொறுப்பு.

காற்றைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வழக்கம். பூஜ்யம் எடுப்பது. எண்ணெய் வாங்கும்போது வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்து முதலில் சரி செய்வார்களே, அதே வேலைதான். மாடல் சும்மா நிற்கும்போது தராசு என்ன காட்டினாலும் ஒரு பட்டனைத் தட்டி அதைப் பூஜ்யம் ஆக்கிவிடுவார்கள். அதன் பிறகு காட்டுவதெல்லாம் காற்றின் வேலை. அத்தை இந்த விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஒரு கிராம் ஆடினாலும் எல்லாரையும் நிறுத்தி வைப்பார். அங்கே அவருக்குப் பெயரே ‘பூஜ்யம்மா’.

அந்தப் பெயரை வைத்தவர் ஃபிட்டர் அண்ணன். மாடல்களைச் சுரங்கத்துக்குள் மாட்டுகிறவர். ஐம்பத்தாறு வயது, மணிக்கட்டில் எப்போதும் வலி, எப்போதும் தைலம். அவர் வருவதற்கு முன்னால் அவர் வாசனை வரும். மாடலை மாட்டி முடித்ததும், மேல் மாடலின் மூக்கில் உள்ளங்கையை வைத்து அதன் ஆட்டத்தை அடக்குவார். தூங்கும் குழந்தையிடமிருந்து கையை எடுப்பது போல மெதுவாக எடுப்பார். எடுத்த பிறகு இன்டர்காமில் ஒரே வார்த்தை. “விட்டாச்சு.” அந்தக் குரல் வந்த பிறகுதான் பூஜ்யம் எடுக்க வேண்டும். எங்கேயும் எழுதி வைத்த விதி இல்லை. அவர்கள் இரண்டு பேரும் பதினெட்டு வருடமாகக் காப்பாற்றி வந்த விதி.

ஒரே ஒரு நாள் தவறினார்கள்.

பதினான்கு மாதம் இருக்கும். அன்றைக்குப் பார்வையாளர்கள் வந்திருந்தார்கள். கோட்டு, டை, கையில் காபி. ஒரு தொட்டியில் கசிவு, அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்துக்கே தலைவர், எல்லாருக்கும் ‘பெரிய சார்’, அத்தையின் நாற்காலிக்குப் பின்னால் நின்று காலைத் தட்டிக்கொண்டிருந்தார். அத்தை திரையைப் பார்த்தார்.

340.

மூக்கில் கீழ்நோக்கி முந்நூற்று நாற்பது கிராம். அண்ணன் கை இன்னும் இருக்கிறது என்று நினைத்தார். காத்திருந்தார். குரல் வரவில்லை. எண் கொஞ்சம் ஆடியது. 340... 346... 340... 346...

“என்னம்மா பாத்துக்கிட்டே இருக்கீங்க? எடுங்க!” என்றார் பெரிய சார்.

“அவர் இன்னும் குரல் குடுக்கல சார்...”

“அவரு குடுக்கிறதுக்குள்ள தொட்டி காலியாயிடும். தராசு நகர்ந்திருக்கும், வேற என்ன? எடுங்கம்மா!”

பதறாத காரியம் சிதறாது என்று மேசைமேலேயே எழுதி ஒட்டியிருந்தவர் அத்தை. அன்றைக்குப் பட்டனைத் தட்டினார். 340 பூஜ்யம் ஆனது.

ஆள் வெளியே வந்து கதவு பூட்டாமல் காற்று திறக்காது. அதனால் யாரும் பதறவில்லை. அண்ணன் வெளியே வரும்வரை பார்வையாளர்களுக்குப் பெரிய சார் விளக்கிக்கொண்டிருந்தார். அத்தை மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 0... 6... 0... 6... நாலு நிமிடம். ஒரு நிமிடம் இல்லை, இரண்டு இல்லை. நாலு நிமிடம் அது அப்படித் துடித்தது. பிறகு மெதுவாக இறங்கியது. மைனஸ் இருபது... மைனஸ் தொண்ணூறு... மைனஸ் முந்நூற்று நாற்பது. அங்கே நின்றுவிட்டது.

பூஜ்யம் எடுத்த பிறகு ஒரு பாரம் விலகினால் தராசு மைனஸ் காட்டும். அத்தைக்கு இது பால்பாடம். ஆனாலும் அவருக்கு அன்று அது உறைக்கவில்லை. உறைக்கவில்லை என்றுதான் அவர் சொல்கிறார்.

கதவைத் திறந்து பார்த்தபோது ஃபிட்டர் அண்ணன் மாடலுக்குக் கீழே மடங்கிக் கிடந்தார். மாரடைப்பு. குரல் கொடுக்க முடியாமல், மாடலின் மூக்கைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார். “கொஞ்சம் முன்னாடி பாத்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்” என்று டாக்டர் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனின் மனைவி வந்தார். தையல் வேலை செய்கிறவர். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“கடைசியில ரொம்ப அவஸ்தைப்பட்டாரா?”

“இல்லைங்க. ஒரு நொடிதான்... அவருக்கே தெரிஞ்சிருக்காது.”

அத்தை சொன்னது அவ்வளவுதான். எண்ணைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. பதிவில் இருக்கிறது, ஆனால் பூஜ்யத்தை எவன் படிப்பான்? அது கழித்துத் தள்ளுவதற்குத்தானே.

ஆறு வாரம் கழித்துச் சுரங்கத்தை மறுபடி திறந்தார்கள். புது ஃபிட்டர் வந்தார். வாயாடி. மாடலை மாட்டினார், “விட்டாச்சு மேடம்!” என்று கத்தினார், வெளியே வந்து அத்தைக்குப் பின்னால் நின்று கையைத் துடைத்துக்கொண்டே ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

அத்தை திரையைப் பார்த்தார்.

340.

திரும்பிப் பார்த்தார். ஃபிட்டர் இங்கேதான் நிற்கிறார். உள்ளே யாரும் இல்லை. கதவு பூட்டியிருக்கிறது... 340.

தராசைக் கழற்றிச் சோதித்தார். குண்டுமணி பிசகில்லை. வேறு தராசு போட்டார், 340. கம்பியெல்லாம் மாற்றினார், 340. மேல் மாடலைத் தனியாக மாட்டினால் பூஜ்யம். வேறு விமானத்தின் மாடலை மாட்டினால் பூஜ்யம். இந்த இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக, பிரிவதற்குத் தயாராக நிறுத்தினால் மட்டும்... மூக்கில் முந்நூற்று நாற்பது.

ஒரே ஒரு வித்தியாசம் இருந்தது. அன்றைக்கு எண் துடித்தது. இப்போது துடிக்கவில்லை. கல் மாதிரி நின்றது.

“இதுக்குப் போயி ஏன் மேடம் மண்டையப் போட்டு உடைக்கிறீங்க? தினமும் ஒரே எண்தானே? பூஜ்யம் எடுத்துட்டுப் போங்க” என்றார் பெரிய சார். அவர் சொன்னதில் தப்பில்லை. மாறாத எண் என்றால் கழித்துவிடலாம், கணக்கு சரியாக வரும். அத்தை கழித்தார். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, எட்டு மாதம். ஒவ்வொரு மதியமும் அந்தப் பட்டனைத் தட்டினார். ஒவ்வொரு முறையும் ஒரு மனுஷன் கையைத் தட்டிவிடுவது போல இருக்கும் என்று என் நண்பனிடம் சொன்னாராம்.

சோதனை முடிவுகளோ தங்கமாக வந்தன. சின்ன மாடல் ஒவ்வொரு தடவையும் அலுங்காமல் குலுங்காமல் பிரிந்தது. மூக்கு ஒரு இம்மி தூக்கவில்லை. யாரோ பக்குவமாகப் பிடித்து விடுவது போல...

அப்புறம் அந்தப் படம்.

சுரங்கத்துக்குள் காற்று ஓடுவதைப் படம் எடுப்பார்கள். ஒரு பக்கத்திலிருந்து விளக்கு, மறுபக்கம் கேமரா. காற்று எங்கே முட்டுகிறதோ அங்கே ஒரு கறுப்புக் கோடு வில் மாதிரி வளைந்து தெரியும். ஊசி நுனி நீட்டியிருந்தால்கூட அதற்கு முன்னால் ஒரு சின்ன வில் தெரியும். ஒரு மதியம் சோதனை நடந்தது. வால்வு திறந்தது. முதலில் தரைக்குள்ளிருந்து ஒரு உறுமல்... பிறகு காதே இல்லாமல் போனது போல ஒரு இரைச்சல்... பிறகு சட்டென்று நின்றது. சூடான இரும்பு ஆறும் சத்தம் மட்டும். டிக்... டிக்... டிக்...

அத்தை படத்தை ஓடவிட்டுப் பார்த்தார். பெரிய மாடலின் வில். சின்ன மாடலின் வில். சின்னதன் மூக்குக்கு மேலே... குட்டி குட்டியாகச் சில கோடுகள். எண்ணினார். நாலு பக்கத்துப் பக்கத்தில். ஒன்று கொஞ்சம் தள்ளி.

ஐந்து.

“கண்ணாடியில தூசி மேடம். நாளைக்குத் துடைச்சிடறேன்” என்றார் கேமராக்காரர்.

அத்தை படத்தை மறுபடி ஓட்டினார். எந்திரக் கை சின்ன மாடலை மேலே தூக்கியது. மாடலோடு சேர்ந்து அந்த ஐந்து கோடுகளும் மேலே போயின. கண்ணாடியில் ஒட்டிய தூசி எதற்கு மாடலோடு போகிறது?

அன்று மாலை எல்லாரும் போன பிறகு சுரங்கத்தின் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினார். இரும்புச் சூடு, எண்ணெய்... அதற்கு அடியில் தைல வாசனை. பச்சையாக, இப்போதுதான் தேய்த்தது போல. கதவை அறைந்து சாத்திவிட்டு அந்தப் பதினோரு கிலோமீட்டரை எப்படி ஓட்டி வந்தார் என்று அவருக்கே தெரியாது.

சரி, பயந்தால் விட்டுவிட்டு ஓடிப்போகலாமே என்பீர்கள். ஓட முடியாது. ஏனென்றால் அந்தச் சின்ன விமானத்தில் ஏறப்போவது யார் தெரியுமா? அத்தையின் தம்பி. என் நண்பனின் சித்தப்பா. அத்தை இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை.

விமானத்தைக் கிளப்பலாம் என்று ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும். தராசுக்கு அத்தை. கையெழுத்துக்கு முந்தின நாள் தம்பி போன் செய்தான்.

“என்னக்கா, உன் பூஜ்யமெல்லாம் சௌக்கியமா?”

“டேய்... ஒரு எண்ணு மட்டும் எனக்குப் புரியலைடா.”

“கழிச்சா சரியா வருதா, இல்லையா?”

“வருது.”

“அப்புறம் என்ன? இதபாரு, மத்த நாலு பேரு போட்டது எனக்கு வெறும் காகிதம். நீ போட்டா நான் கண்ண மூடிக்கிட்டு ஏறிடுவேன்.”

அத்தை இரவெல்லாம் தூங்கவில்லை. அந்த எண்ணைச் சொன்னால் அது எந்த நாளில் தொடங்கியது என்று கேட்பார்கள். அந்த நாளைச் சொன்னால் நாலு நிமிடத்தைச் சொல்ல வேண்டும். நாலு நிமிடத்தைச் சொன்னால் அது அண்ணனின் மனைவி, அந்தத் தையல்காரம்மாவின் காதுக்குப் போகும். காலையில் பெரிய சாரிடம் பாதி விழுங்கிப் பாதி துப்பி, “உள்ள ஏதோ இருக்கிற மாதிரி இருக்கு சார்” என்று மட்டும் சொன்னார்.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் மேடம். பேனா வேணுமா?” என்றார் அவர்.

அத்தை கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த விமானம் கிளம்பியது. பெரியதும் சின்னதும் சேர்ந்து ஏறின. உச்சிக்குப் போனதும் தம்பியின் குரல் கேட்டது. “பிரிகிறேன்.” அவ்வளவுதான். அதன் பிறகு ஐந்தரை நிமிடம் சத்தமே இருக்காது என்று முன்பே தெரியும். அந்த வேகத்தில் சுற்றிலும் காற்று தீயாய்க் காய்ந்து ரேடியோவை மறைத்துவிடும். எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஐந்தரை நிமிடம் கழித்துத் தம்பி பேசினான். குரல் கொஞ்சம் குழறியது. ஆனால் பேசினான். இறங்கினான். கைதட்டினார்கள், கட்டிக்கொண்டார்கள். அத்தை நாற்காலியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

அன்று ராத்திரி தம்பி அக்கா வீட்டுக்கு வந்தான். மற்றவர்கள் படுத்த பிறகு மெதுவாகச் சொன்னான்.

“அக்கா, யார்கிட்டயும் சொல்லாத. பிரியும்போது ஒரு உதை உதைச்சுது பாரு... நான் போயிட்டேன்.”

“போயிட்டேன்னா?”

“மயக்கம். கண்ணு முழிச்சுப் பாக்கறேன், நாலு நிமிஷம் ஓடியிருக்கு. ரெண்டு கையும் தொங்கிட்டு இருக்கு. விமானம் பாட்டுக்கு நேரா போயிட்டு இருக்கு. நல்லவேளை, ஆட்டோபைலட் பாத்துக்கிச்சு.”

ஆட்டோபைலட்டா? அத்தைக்குத் தெரியும். பிரிந்த முதல் ஐந்து நிமிடம் ஆட்டோபைலட்டை அணைத்து வைத்திருந்தார்கள். கையால் ஓட்டிப் பார்க்கத்தான் அந்தப் பயணமே. தம்பி மயங்கி எழுந்த குழப்பத்தில் அதை மறந்திருக்கிறான்.

“இன்னொண்ணுக்கா... சிரிக்காத. மாஸ்க்குக்குள்ள ஏதோ தைலம் தேய்ச்ச மாதிரி வாசனை.”

மறுநாள் விமானத்தின் பதிவுப் பெட்டியைத் திறந்தார்கள். பைலட் பிடித்து ஓட்டுகிற ஸ்டிக்கிலும் அத்தையின் தராசு ஒன்று இருந்தது. அதன் பதிவு அத்தையின் மேசைக்குத்தான் வந்தது. பிரிந்த நொடியில் மூக்கு விருட்டென்று மேலே தூக்கப் பார்த்திருக்கிறது. உடனே ஸ்டிக்கை யாரோ முன்னால் தள்ளி மூக்கை அடக்கியிருக்கிறார்கள். பிறகு விடவே இல்லை. நாலு நிமிடம். கோடு போட்டது போல ஒரே எண்.

340.

எட்டு மாதமாகத் தான் கழித்துத் தள்ளிய அண்ணனின் கை, தன் தம்பியின் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது என்று அத்தைக்கு அப்போதுதான் புரிந்தது. நாலு நிமிடம் வேடிக்கை பார்த்தவளுக்கு அண்ணன் நாலு நிமிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதத்தின்மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதாராம். பயத்தினால் இல்லை... வெட்கத்தினால்.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டாவது பயணத்துக்கு நாள் குறித்தார்கள். இந்தத் தடவை இன்னும் வேகம், உதை இன்னும் பலம். ஏறப்போவது அதே தம்பி. மயங்கியதை அவன் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை. எழுதினால் ஆயுசுக்கும் ஏறவிட மாட்டார்கள். அத்தை கெஞ்சினார், திட்டினார், காலில் விழாத குறை. அவன் பிடி கொடுக்கவில்லை. இன்னொரு தடவை வாயை மூடிக்கொண்டிருக்க அத்தையால் முடியவில்லை. நேற்றுக் காலை பெரிய சாரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். எல்லாவற்றையும் கொட்டினார். அந்த மதியம், அந்த எண், நாலு நிமிடம், ஐந்து கோடு, தம்பியின் மயக்கம்... ஒன்று விடாமல்.

பெரிய சார் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு தன் திரையைத் திருப்பிக் காட்டினார்.

“உங்க தம்பி மயங்கலை மேடம். பாருங்க, நாலு நிமிஷமும் ஸ்டிக்குல கை இருந்திருக்கு. உங்க தராசுதானே சொல்லுது?”

“அது அவன் கை இல்ல சார். உயிரோட இருக்கிற கை துடிக்கும். இது துடிக்கவே இல்ல, பாருங்க...”

“நல்ல பைலட்டுக்குக் கை நடுங்காது.” அவர் எழுந்து வந்து அத்தையின் தோளைத் தொட்டார். “ஃபிட்டர் விஷயம் உங்க தப்பு மட்டும் இல்ல. எடுங்கன்னு கத்தினது நான். அத மனசுல வெச்சுக்கிட்டு உங்களை வருத்திக்காதீங்க. நாளன்னையிலேர்ந்து லீவு எடுத்துக்குங்க.”

அன்றைக்குக் கை இருந்தது, தராசு நகர்ந்திருக்கும் என்றார்கள். இப்போது கை இல்லை, தராசு சொல்கிறதே என்கிறார்கள். அத்தை யாரிடம் போய் முட்டிக்கொள்வார்?

அங்கிருந்து நேராகத் தையல்காரம்மா வீட்டுக்குப் போனார். அவரிடமும் சொன்னார். அந்த அம்மா தையல் மெஷினின் சக்கரத்தில் கை வைத்தபடி கடைசி வரை கேட்டார். ஒரு சொல் திட்டவில்லை. “நாலு நிமிஷமா...” என்று மட்டும் ஒரு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

நாளைக் காலை விமானம் கிளம்புகிறது.

இன்று மதியம் அத்தை கடைசியாக ஒரு தடவை அந்தச் சாலையில் போனார். காற்று ஊத அனுமதி இல்லை, தொட்டிகள் வேறு வேலைக்கு. புது ஃபிட்டரிடம் கெஞ்சி, இரண்டு மாடலையும் ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டச் சொன்னார். அவர் மாட்டினார். குரல் கொடுத்தார். வெளியே வந்தார்.

அத்தை திரையைப் பார்த்தார்.

0.

கம்பியைப் பிடுங்கிச் செருகினார். 0. மேசையைத் தட்டினார். 0. உள்ளே ஓடித் தன் கையை மாடலின் மூக்கில் வைத்து அமுக்கினார். “எண் ஏறுது மேடம்” என்று ஃபிட்டர் வெளியிலிருந்து சொன்னார். எடுத்தார். “பூஜ்யம் மேடம். சுத்தமான பூஜ்யம்! இத்தனை மாசமா இதுக்குத்தானே மல்லுக்கட்டினீங்க?” அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அத்தை மூச்சை இழுத்துப் பார்த்தார். இரும்பு, எண்ணெய்... வேறு எந்த வாசனையும் இல்லை.

இன்டர்காம் திறந்தே இருந்தது. வெளியே உட்கார்ந்திருந்த ஃபிட்டருக்கு அத்தையின் குரல் கேட்டது. யாரிடமோ கெஞ்சுகிற குரல்.

“அண்ணே... எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு போயிடாதீங்க அண்ணே. நாளைக்கு ஒரு நாள்... ஒரே ஒரு நாள் பிடிச்சுக்குங்க...”

“யார்கிட்ட மேடம் பேசறீங்க?” என்று கேட்டார் ஃபிட்டர். கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார். எண் அசையவே இல்லை.